வாசலில் நின்ற நாய் வகுப்பறைக்குள் வந்த கதை

ஆடியோவாகக் கேட்க நேரம் இல்லாதவங்களுக்காக எபிசோடைக் கொஞ்சம் செதுக்கி, எழுத்தில் தருகிறோம். இந்த வாரம் ஹீரோ ஒரு நாய். நாயைப் பற்றி வரலாற்று எபிசோடா என்று கேட்பீங்க. இதுக்குள்ள பாண்டிய நாடு, பல்லவ நாடு, நியூயார்க், ஹாங்காங், சென்னை எல்லாம் வருது.

முதலில் ஒரு முரண்பாட்டைச் சொல்லிடுறேன். 2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் ஆகிய இடங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடக்கூடாது. காரணம் எளிமையானது: நாய்க்கடியிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றணும்.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல பள்ளிகள் நாயை வரவேற்று உள்ளே கூப்பிடுகின்றன. பிள்ளைகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறார்கள். தெரபி நாய் என்று பேர். காரணம் கேட்டால் அங்கேயும் அதே பதில்தான்: பிள்ளைகளின் நலனுக்காக.

ஒரு பக்கம் நாயை வெளியே அனுப்புகிறோம். இன்னொரு பக்கம் உள்ளே அழைக்கிறோம். ரெண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்? மதுரை மாதிரி ஒரு ஊரில் இதில் எது நமக்குப் பொருந்தும்? இதுதான் இன்றைக்கு நம்ம கேள்வி.

நம்ம ஊரில் நாய் எங்கே நின்றது?

மதுரைக்குப் பக்கத்திலிருந்தே ஆரம்பிப்போம். கீழக்குயில்குடி சமணர் மலைக்கு நிறைய பேர் போயிருப்பீங்க. மேலே சமணத் துறவிகளின் சிற்பங்கள், அடிவாரத்தில் அய்யனார் கோயில். மதுரையில் வாழ்ந்த சமணர்கள் பாடிய வெண்பாக்களை வைகையில் விட்டபோது, எதிர்நீச்சல் போட்டு வந்த நானூறு பாடல்தான் நாலடியார் என்று ஒரு பழைய கதை உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். அந்த நாலடியாரில் நட்பைப் பற்றிய ஒரு பாட்டில் நாயும் யானையும் வருகின்றன. யானை பல நாள் பழகின பாகனையே கொன்றுவிடும். நாயோ, எஜமான் எறிந்த வேல் உடம்பில் குத்தி நிற்கும்போதும் வாலை ஆட்டும். அதனால் யானை மாதிரி ஆட்களை விட நாய் மாதிரி ஆட்களின் நட்பே மேல் என்கிறது பாட்டு.

இன்னொரு பக்கம் பாருங்க. மதுரைக்குக் கிழக்கே திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். தன்னை எவ்வளவு தாழ்த்திக்கொள்ள முடியுமோ அவ்வளவு தாழ்த்திக்கொள்ள, திருவாசகத்தில் அவர் திரும்பத் திரும்ப எடுக்கும் சொல் 'நாயேன்'. நட்புக்கு உவமையும் நாய், கீழ்மைக்கு உவமையும் நாய். இன்றைக்கும் அப்படித்தானே? 'நன்றியுள்ள பிராணி' என்று நாலாம் வகுப்புக் கட்டுரையில் எழுதுவோம். சாயங்காலம் கிரிக்கெட்டில் சண்டை வந்தால் அதே நாயை வசவாக எடுப்போம்.

சாமி விஷயத்திலும் நாய்க்கு இடம் உண்டு. சிவன் கோயிலில் வைரவருக்கு நாய் வாகனம். கிராமத்தில் கருப்பசாமி வேட்டைக்குக் கிளம்பினால் கூடவே நாயும் போகும். பல ஊர்களில் சாமி பக்கத்தில் நாய்க்கும் சிலை வைத்திருப்பார்கள். ஆனால் வைரவரும் சரி, கருப்பசாமியும் சரி, காவல் தெய்வங்கள். அதனால் அவர்களுடைய நாயும் காவல் நாய்தான்.

இதுக்கு ரொம்பப் பழைய சாட்சி ஒன்று, மதுரையிலிருந்து வடக்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்ட கல். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். திருடர் இரண்டு பேரைக் கடித்து, காவலாக நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. யோசிச்சுப் பாருங்க, சுமார் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

நம்ம தென்மாவட்ட நாய் இனங்களும் இதே வரிசைதான். தேனிப் பக்கம் கோம்பை, விருதுநகர்ப் பக்கம் ராஜபாளையம், அப்புறம் சிப்பிப்பாறை, கன்னி. காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்தவை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. நமக்கு நாயோடு உறவு ஆழமானது, ஆனால் அதன் இடம் வாசல். வீட்டு வாசல், கொட்டடி வாசல், கோயில் வாசல். உள்ளே வந்து ஒரு பிள்ளை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதை யாரும் ஒரு வேலையாக நினைக்கவில்லை. அதை வேலையாக நினைத்தவர்கள் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது.

ஜிங்கிள்ஸ் என்ற கோ-தெரபிஸ்ட்

1796-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பவர் மனநோயாளிகளுக்காக 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். அந்தக் காலத்தில் மனநோய் என்றால் பல இடங்களில் சங்கிலிதான். ரிட்ரீட்டில் முற்றத்தில் முயலும் கோழியும் விட்டார்கள். இன்னொரு உயிரைக் கவனித்துக்கொள்ளும்போது மனம் தானாக ஒழுங்குக்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறகு, நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குச் சின்னச் செல்லப்பிராணி நல்ல துணை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தன் நர்சிங் கையேட்டில் எழுதினார்.

குழந்தைகள் கதைக்குள் வருவது நியூயார்க்கில். போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர். யாரிடமும் ஒட்டாமல் தனக்குள்ளேயே ஒடுங்கியிருந்த ஒரு பையனை அவனுடைய அப்பா அம்மா அழைத்து வருகிறார்கள். அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்கு முன்னாடியே வந்துவிட்டார்கள். அதனால் லெவின்சனின் சொந்த நாய் ஜிங்கிள்ஸ் இன்னும் அறையிலேயே இருந்தது. அது நேராகப் போய்ப் பையனை நக்கியது. அவன் பயப்படவில்லை, அணைத்துக்கொண்டான். அடுத்த சில சந்திப்புகளில் அவன் நாயோடுதான் விளையாடினான். கொஞ்சம் கொஞ்சமாக டாக்டரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டான்.

லெவின்சன் இதை 1961-ல் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் பேசியபோது சிலர் சிரித்தார்கள். வாங்குகிற ஃபீஸில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று ஒருவர் கேலி செய்ததாகக்கூடச் சொல்வார்கள். அவர் விடவில்லை. 1962-ல் நாயைக் 'கோ-தெரபிஸ்ட்' என்று அழைத்துக் கட்டுரை எழுதினார். 1969-ல் புத்தகமே வந்தது. சிக்மண்ட் ஃப்ராய்டும் தன் கடைசிக் காலத்தில் ஜோஃபி என்ற நாயை நோயாளிகளைப் பார்க்கும் அறையில் வைத்திருந்தார் என்ற செய்தி பரவினதும், சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

லெவின்சன் சொன்னதில் முக்கியமான இடம் எது தெரியுமா? நாய் வைத்தியம் பார்க்கவில்லை. பையனுக்கும் பெரியவருக்கும் நடுவே ஒரு பாலமாக நின்றது, அவ்வளவுதான். வைத்தியம் பார்த்தது மனுஷர்தான்.

ரப்பர் வாத்தும் ரீடிங் நாயும்

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு 'ரப்பர் டக் டிபக்கிங்' தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கோடில் ஒரு பிழை பிடிபடவே இல்லை என்றால், மேஜை மேல் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்து, அதற்கு ஒவ்வொரு வரியாக விளக்கணும். பாதி விளக்கத்திலேயே எங்கே தப்பு என்று நமக்கே தெரிந்துவிடும். வாத்து எதுவும் சொல்வதில்லை. அதனுடைய தகுதியே அதுதான். ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் எழுதின 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகம்தான் இந்தப் பழக்கத்தைப் பிரபலமாக்கியது. வெளியான ஆண்டு 1999.

அதே 1999-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 'ரீட்' என்ற திட்டம் தொடங்கியது. படிக்கத் திணறும் பிள்ளைகள் பயிற்சி பெற்ற நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குச் சத்தமாகக் கதை வாசித்துக் காட்டணும். நூலகத்தில் ஆரம்பித்துப் பள்ளிகளுக்குப் போய், பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ரெண்டு கூட்டத்துக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனால் கண்டுபிடித்தது ஒரே விஷயம்: குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரு ஜீவன் எதிரில் இருந்தால் மூளை நன்றாக வேலை செய்யும்.

நம்ம வகுப்பறையை நினைத்துப் பாருங்க. நான் படித்தது மதுரையில். தமிழ் பீரியடில் வரிசையாக எழுந்து வாசிக்கணும். என் முறை வருவதற்கு நாலு பேர் முன்னாடியே எனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன். அதில் எத்தனை 'ழ' இருக்கு என்றும் பார்ப்பேன். எங்க ஊர் வாயில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடும். ஒருத்தன் சிரித்தால் கிளாஸே சிரிக்கும். அந்த நாலு பேர் வாசித்தது ஒன்றும் காதில் விழாது. படிப்பதற்குச் செலவாக வேண்டிய கவனம் முழுக்கப் பயத்துக்குச் செலவாகிவிடும். திக்கிப் பேசுகிற பிள்ளைக்கும், டிஸ்லெக்சியா இருக்கிற பிள்ளைக்கும், ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்கும் இந்தச் செலவு இன்னும் பல மடங்கு.

நாய்க்கு ழகரமும் தெரியாது, ளகரமும் தெரியாது. பிள்ளை ஒரு வரியை மூணு தடவை வாசித்தாலும் அதற்குக் கவலை இல்லை.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

நல்ல கதை எல்லாம் உண்மையாகிவிடாது, அதனால் அளந்து பார்த்தவர்களிடம் போவோம். 1983-ல் எரிகா ஃப்ரீட்மனும் ஆரோன் கேட்சரும் குழுவினரும் பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்க வைத்து ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். அறையில் ஒரு சாதுவான நாய் இருந்தபோது அழுத்தம் குறைவாக இருந்தது.

2022-ல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழு இன்னும் கறாராகச் சோதித்தது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாயோடு நேரம். ஒரு குழுவுக்கு நாய் இல்லாமல் மனதைத் தளர்த்தும் பயிற்சி. ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. வாரம் ரெண்டு தடவை, தடவைக்கு 20 நிமிஷம், நாலு வாரம். உமிழ்நீரில் கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனை அளந்தார்கள். டேர்ம் போகப் போக மற்ற குழுக்களில் அளவு ஏறியது. நாய்க் குழுவில் அப்படி ஏறவில்லை. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளிடமும் நாயோடு இருந்த பிறகு அளவு குறைந்தது.

இதிலிருந்து நாய் வந்தால் மார்க் ஏறும் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்கிவிடாதீங்க. பதற்றம் குறைவதற்குச் சான்று இருக்கிறது. பதற்றம் குறைந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டும். நாய் அந்த வேலையைச் செய்யாது.

சென்னைக்கு வந்த டாக்டர் நாய்

இது மேல்நாட்டுச் சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதி. 1991-ல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்பவர் மேக்ஸ் என்ற கோல்டன் ரெட்ரீவரைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அப்படித் தொடங்கியது 'டாக்டர் டாக்' திட்டம். 2000-களின் தொடக்கத்தில் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தது புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. சிறப்புப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் நாய்கள் போயின. சி.பி. ராமசாமி அய்யர் அறக்கட்டளையின் சரஸ்வதி கேந்திரா கற்றல் மையத்தில், ஆட்டிசமும் கற்றல் சிரமமும் உள்ள பிள்ளைகளோடு நாய்கள் பழகின. மும்பையில் மினால் கவிஷ்வர் என்ற உளவியலாளர் 'அனிமல் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பின் மூலம் இதே பணியைச் செய்துவருகிறார்.

புளூ கிராஸ் இதைக் கையில் எடுத்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சென்னை மாநகராட்சி 1860-லிருந்தே தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நூறு வருஷத்துக்கு மேல் கொன்றும் நாய்களின் எண்ணிக்கையும் குறையவில்லை, ரேபிஸும் போகவில்லை. 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கின புளூ கிராஸில், அவர் மகன் சின்னி கிருஷ்ணா இதை ஒரு இன்ஜினியராகப் பார்த்தார். அவர் தொழிலும் இன்ஜினியரிங்தான். கொன்ற நாயின் இடத்துக்கு வேறொரு நாய் வரும். கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே தெருவில் விட்டால், அந்த நாயே புதிய நாய்களை உள்ளே விடாது. 1964-ல் புளூ கிராஸ் இதைத் தொடங்கியது. மாநகராட்சி ஒத்துக்கொள்ள 1990-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. 2001-ல் இதுவே நாடு முழுமைக்கும் விதியானது. பிடித்த இடத்திலேயே விடுவது என்ற இந்த முறைக்குத்தான் பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் மட்டும் 2025 உத்தரவு விலக்குப் போட்டது.

ஆக, தெருவில் ரேபிஸை ஒழிக்க ஊசியோடு அலைந்தவர்களேதான் வகுப்பறைக்குள் நாயைக் கூட்டிப் போனவர்கள். ரெண்டையும் தனித்தனி வேலையாக அவர்கள் பார்க்கவில்லை.

மதுரைக்கு என்ன வேண்டும்?

உலகத்தில் ரேபிஸால் இறப்பவர்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 30 முதல் 60 சதவீதம் வரை 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். இத்தனைக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் திறந்தாச்சு. ஊசி நம்ம மாநிலத்துக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பல பிள்ளைகள் கடித்ததை வீட்டில் சொல்வதே இல்லை, திட்டு விழும் என்று.

இங்கேதான் அந்த ரெண்டு நாயும் ஒரே கேள்வியாகிவிடுகின்றன. பள்ளிக்குள் தடுப்பூசி போடாத, யார் பொறுப்பும் இல்லாத நாய் இருக்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சுவரை உயர்த்திவிட்டு அத்தோடு நிறுத்தினால், பிள்ளைக்கு நாயைப் பற்றி வகுப்பறையில் கிடைக்கும் பாடம் பயம் ஒன்றுதான். சாயங்காலம் பெல் அடித்ததும் அந்தப் பிள்ளை வெளியே வரும். தெருவில் நாய் இருக்கும். பயந்த பிள்ளை ஓடும். ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம்.

பயிற்சி பெற்ற ஒரு நாய் வகுப்புக்கு வந்தால் முதலில் நடப்பதே இந்தப் பாடம்தான். அனுமதி கேட்டுத்தான் தொடணும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டியோடு இருக்கும்போதும் பக்கத்தில் போகக்கூடாது. முறைத்துப் பார்க்கக்கூடாது. தெரியாத நாய் நெருங்கி வந்தால் ஓடாமல், கையை உடம்போடு ஒட்டி, மரம் மாதிரி நிற்கணும். கடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லணும்; காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடணும். நாயை நேசிக்கவும் நாயிடமிருந்து தப்பிக்கவும் தேவைப்படும் அறிவு ஒன்றேதான்.

அதே நேரம், பிஸ்கட் போட்ட நாயெல்லாம் தெரபி நாய் ஆகிவிடாது. வளர்ந்த நாயாக இருக்கணும். தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் சரியாக இருக்கணும். தட்டு கீழே விழுந்தாலும், பிள்ளை திடீரென்று காதைப் பிடித்து இழுத்தாலும் பதறக்கூடாது. நாயின் உடல்மொழி தெரிந்த ஒருவர் எப்போதும் கூடவே இருக்கணும். அது கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பினால், இன்றைக்குப் போதும் என்று புரிந்துகொண்டு கூட்டிப் போகணும். பயப்படுகிற பிள்ளை, அலர்ஜி உள்ள பிள்ளை, வீட்டில் வேண்டாம் என்று சொல்கிற பிள்ளை யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. இத்தனைக்கும் கால்நடை மருத்துவர், சிறப்புக் கல்வி ஆசிரியர், உளவியலாளர் மூணு பேரும் சேர்ந்து உட்காரணும்.

இனம் ஒரு பிரச்சினையே இல்லை. குணம்தான் கணக்கு. நல்ல குணத்தோடு வளர்ந்த ஒரு நாட்டு நாயால் இந்த வேலையைச் செய்ய முடியும். கோல்டன் ரெட்ரீவரை மதுரை வெயிலில் மூச்சிரைக்க வைக்கணும் என்று அவசியம் இல்லை. இல்லையென்றால் இது கட்டணம் கட்ட முடிந்த பள்ளிகளின் விளம்பரப் படத்தோடு நின்றுவிடும். சத்தமாக வாசிக்கப் பயப்படுகிற பிள்ளை மாநகராட்சிப் பள்ளியிலும்தான் இருக்கு.

கோவிவனை வாசலில் நிறுத்தினவர்கள் அதன் பெயரைக் கல்லில் வெட்டும் அளவுக்கு மதித்தார்கள். அந்த மதிப்பு நமக்குப் புதுசு இல்லை. தெருவில் ஊசியும் வகுப்பில் பாடமும் ஒன்றாக நடந்தால், வாசலில் நின்றதை ஒரு பீரியடுக்கு மட்டும் உள்ளே கூப்பிடலாம். பேருக்கு ஏற்ற மாதிரி ஒரு கருப்பனோ மணியோ கால் நீட்டிப் படுத்திருக்க, ஒரு பிள்ளை அதற்கு 'வாழைப்பழம்' வாசித்துக் காட்டட்டும். வாசித்து முடிக்கும்வரை யாரும் திருத்த வேண்டாம்.

உங்க பள்ளியிலோ, உங்க பிள்ளை படிக்கிற இடத்திலோ இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். அதுவரைக்கும், தெருவில் நாயைப் பார்த்தால் ஓடாதீங்க.